யார் அங்கே? காவல்காரன் முதல் கணினி வரை

2005ஆம் ஆண்டு, ஒரு மாதக் கடைசி. வடசென்னையில் நான் கண்காணிப்பாளராக இருந்த அலுவலகம். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அது இப்போது தேவையும் இல்லை. சம்பளப் பில், நிலுவைப் பில் எல்லாம் கணினியில் போட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முந்தின வாரம் சர்வரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, புது டிஸ்க் மாட்டி, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அன்று காலை ஊழியர்கள் எட்டுப் பேர் எட்டு கணினிகளில் உட்கார்ந்து பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தால், எட்டிலும் ஒரே வரி வந்து நின்றது. "ஐடென்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்."

கடவுச்சொல் தப்பு என்று எல்லாரும் நினைத்தோம். மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். 24 வயசு இருக்கும். கடவுச்சொல்லை மாற்றினான், வரவில்லை. மறுபடி மாற்றினான்; வரவில்லை. மூன்றாவது தடவையும் அதே வரி. மணி நாலு. கருவூலத்துக்குப் பில் போயாக வேண்டும். கடைசியில் சர்வரில் ஏதோ ஒரு கோப்பைத் திறந்து ஒரே ஒரு சொல்லை மாற்றினான். எட்டு கணினிகளும் திறந்துகொண்டன.

"என்ன தம்பி பண்ணினே?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு டிரஸ்ட்னு போட்டிருக்கேன் சார். அப்புறமா வந்து சரியா மாத்தித் தர்றேன்."

"மாசக் கடைசி முதல்ல போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னவன் நான்தான்.

அந்த ஒரு சொல்லின் கதையைச் சொல்லவேண்டும் என்றால், கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் பள்ளியில் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பா காலமான பிறகு ராயபுரத்தில் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்து, ஆங்கிலமும் தட்டச்சும் கற்று, தேர்வாணையத் தேர்வு எழுதி 1974இல் எழுத்தர் ஆனேன். சிறுவயதில் படித்தவை மட்டும் இன்னும் நாக்கில் இருக்கின்றன. பிரெஞ்சுப் படையில் இரவுக் காவலில் நிற்பவன் இருட்டில் சலசலப்பு கேட்டால் "கி வீவ்?" என்று கத்துவான். நம் ஊர்க் கோட்டைக் கதைகளில் வரும் "யார் அங்கே?" என்பது போலத்தான். வருகிறவன் தன் பக்கத்துப் பெயரையும் அன்றைய சொல்லையும் சொல்லவேண்டும். அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் "மோ தெ பாஸ்" என்று பெயர். கடந்துபோவதற்கான சொல். தமிழில் கடவுச்சொல் என்று வைத்ததும் அதே கட்டுமானம்தான். கடவு என்றால் வழி.

வகுப்பில் ஷெவாலியே தஸ்ஸாஸ் என்ற படைத்தலைவனின் கதையைச் சொல்வார்கள். 1760 அக்டோபர், ஜெர்மனியில் கிளோஸ்டர் காம்ப்பன் என்ற இடம். இருட்டில் தன் படைக்கு முன்னே போனவனை எதிரிகள் சூழ்ந்துகொண்டு, வாயைத் திறந்தால் குத்திவிடுவோம் என்றார்களாம். அவன் எதிரி வந்துவிட்டான் என்று தன் படைக்குக் கேட்கும்படி கத்திவிட்டுச் செத்தான் என்பது கதை. அதே போரின் இன்னொரு பக்கத்தில்தான் அந்த மாதங்களில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார்கள்; 1761 ஜனவரியில் ஊர் விழுந்தது. சிறுவனாக இருந்தபோது இது வெறும் வீரக்கதையாகத்தான் பட்டது. காவல்காரனுக்கு இரண்டு வேலை, ஒன்று கேட்பது, இன்னொன்று தப்பு நடந்தால் சத்தம் போடுவது என்று அதற்குள் ஒரு பாடம் இருப்பது எனக்கு அறுபதை நெருங்கிய பிறகுதான் உறைத்தது.

இதைவிடப் பழைய கதை ஒன்று. கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர், ரோமானியப் படை முகாமில் அன்றைய கடவுச்சொல் எப்படிப் பரவும் என்று எழுதியிருக்கிறார். மாலையில் அதிகாரியின் கூடாரத்தில் ஒரு மரப் பலகையில் சொல்லை எழுதிக் கொடுப்பார்கள். அது முகாமின் கடைசிப் பிரிவில் தொடங்கி, சாட்சிகள் முன்னால் கை மாறிக் கை மாறி, இருட்டுவதற்குள் அதிகாரியிடமே திரும்பி வரவேண்டும். ஒரு பலகை வரவில்லையென்றால் பலகைகளில் உள்ள அடையாளத்தை வைத்து எந்தப் பக்கத்தில் நின்றுபோனது என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லைக் கொடுத்ததோடு நிற்காமல், யார் கையில் போயிற்று என்பதற்கும் கணக்கு வைத்தார்கள்.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் வாங்கிக்கொண்டு, பொதிகளில் சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்து அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சின்னம் இல்லாத மூட்டை கணக்கில் வராத மூட்டை.

நம் சென்னைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின தலைமுறை பெரியவர்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: கப்பல் வந்தால் வாசலில் கூட்டம் நிற்கும், மேஸ்திரி விரலை நீட்டி "நீ வா, நீ வா" என்று பொறுக்கி எடுப்பார். அவருக்குத் தெரிந்தவனுக்கு வேலை. சுதந்திரத்துக்குப் பின் 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பிறகு சென்னையிலும் தொழிலாளர் வாரியம் அமைந்து, தொழிலாளி பெயர் பதிவேட்டில் ஏறியது. கையில் அட்டை வந்தது. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் எத்தனையோ குடும்பங்கள் அந்த அட்டையை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தன. நீ யார் என்பதற்கு மேஸ்திரியின் வாய் அல்ல, பதிவேடு பதில் சொல்லும் என்பதுதான் அந்த அட்டையின் பெருமை. பின்னாளில் 2004 ஜூலை 1 முதல் உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பொதுவான பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்து, நுழைவுச் சீட்டுச் சோதனை இன்னும் இறுகியது. ஜீரோ கேட்டில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாத வடசென்னைக்காரர் கிடையாது.

இனி கணினிக்கு வருவோம். கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில். அதுவரை கணினி என்பது ஒரு நேரத்தில் ஒருவர் பயன்படுத்தும் பொருள். பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு, ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பங்குபோட்டுக்கொள்ளும் முறையை 1961இல் இயக்கிக் காட்டியது. பலர் வந்தால் அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்கவேண்டும் அல்லவா? அதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தார்கள்.

வைத்த கொஞ்ச நாளிலேயே அது களவும் போனது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கியிருந்த கணினி நேரம் போதவில்லை. கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பை அச்சிட்டுக் கொடு என்று கணினிக்கே ஒரு வேண்டுகோள் அட்டை போட்டார். அதுவும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! 1966இல் இன்னொரு கூத்து. நிர்வாகிகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்த, தற்காலிகக் கோப்பின் பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டும் இடம் மாறிவிட்டன. உள்ளே வருகிறவர்களுக்கு அன்றைய அறிவிப்பு தெரியவேண்டிய இடத்தில், எல்லாருடைய கடவுச்சொல்லும் வரிசையாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதே தப்பு என்று புரிந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் என்பவர் ஒரு வழி சொன்னார். கடவுச்சொல்லை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்வது. மாவு மில்லில் கொடுத்த அரிசி மாவாகும். மாவைக் கொடுத்து அரிசியாகத் திருப்பி வாங்க முடியாது. அடுத்த முறை நீங்கள் கடவுச்சொல்லை அடித்தால் அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று கணினி பார்க்கும். 1979இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் யூனிக்ஸ் கணினிகளின் அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். மக்கள் வைக்கும் கடவுச்சொற்களில் பெரும்பாலானவை எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று சோதித்தே காட்டினார்கள். ஆளுக்காள் வேறுபடும் ஒரு சின்ன எண்ணையும் சேர்த்து அரைக்கும் ஏற்பாட்டையும் விளக்கினார்கள். அதற்கு ஆங்கிலத்தில் உப்பு என்றே பெயர். ஒரே கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்திருந்தாலும் மாவு வேறாகத் தெரியும்.

எங்கள் அலுவலகச் சர்வரில் இருந்தது போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள். இதுவும் ஒரு கல்வி நிறுவனத்தின் பிள்ளைதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் 1986இல் தொடங்கியது. அதற்கு முன் அவர் செய்த மென்பொருள் ஒன்றின் எழுத்துகளை நான் முதலில் பார்த்தபோது, பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். அவர் பெயரை எழுதுவதும் அப்படியேதான். அதற்குப் பிந்தியது என்பதால் போஸ்ட்கிரஸ். காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம்.

இதன் வாசலில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். அதுதான் அந்தப் பையன் திறந்த கோப்பு. எந்த இடத்திலிருந்து, எந்தப் பெயரில், எந்தத் தரவுத்தளத்துக்கு வருகிறவரை எப்படிச் சோதிக்கவேண்டும் என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். துறைமுகக் காவலரின் கையில் இருக்கும் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். காவலர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வருவார். வருகிறவருக்குப் பொருந்துகிற முதல் வரி எதுவோ அதுதான் தீர்ப்பு. அந்த வரியில் தேறவில்லையென்றால், கீழே இன்னொரு வரி சாதகமாக இருக்கிறதே என்று பார்க்கமாட்டார். வெளியேதான்.

சோதிக்கும் முறைகளில் மூன்றைச் சொன்னால் போதும். ஒன்று, வருகிறவரிடமே கடவுச்சொல் கேட்பது. இரண்டாவது, ஐடென்ட். இதில் வருகிறவரை ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறாரோ அந்தக் கணினியைக் கேட்பார்கள்: "உன்னிடமிருந்து வருகிற இவர் யார்?" லாரி டிரைவரை விட்டுவிட்டு ஒப்பந்தக்காரரைக் கேட்பது போல. 1993இல் இதற்கு விதிமுறை எழுதியவர்களே, ஆளை உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இது ஏற்பட்டதல்ல என்று எழுதி வைத்தார்கள். மூன்றாவது, டிரஸ்ட். பெயரைச் சொன்னால் போதும், நம்பி விட்டுவிடும்.

இப்போது அன்றைக்கு நடந்தது புரியும். புது டிஸ்கில் ஏற்றியபோது பழைய பட்டியல் போய்விட்டது. சர்வருக்குள்ளேயே இருப்பவர்களுக்காக ஐடென்ட் என்று இருந்த வரியைப் பார்த்து, எங்கள் எட்டு கணினிகளுக்கும் யாரோ அதே மாதிரி ஒரு வரியைப் படியெடுத்து எழுதிவிட்டார்கள். எங்கள் கணினிகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஏற்பாடே கிடையாது. ஒப்பந்தக்காரர் ஊரில் இல்லை. டிரைவர் வாசலில் நிற்கிறார். நாங்களோ அன்று முழுக்கக் கடவுச்சொல்லையே மாற்றிக்கொண்டிருந்தோம். சர்வர் கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை. பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி செய்து கொண்டிருந்திருக்கிறோம். திரையில் வந்த வரியின் முதல் சொல்லே ஐடென்ட். அதை நிறுத்திப் படித்திருந்தால், அந்த ஒரு சொல்லைக் கடவுச்சொல் முறை என்று மாற்றி, பட்டியலைத் திரும்பப் படி என்று சர்வருக்கு ஒரு கட்டளை கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. இதையெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்து, சிறுசேரியில் தரவுத்தள வேலை பார்க்கும் என் தங்கை மகன் காகிதத்தில் படம் போட்டு விளக்கினான்.

பையன் திரும்ப வரவில்லை. வேறு கம்பெனிக்குப் போய்விட்டான் என்றார்கள். ஒரு மாதம் கழித்து, அவசரத்தில் என் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன். உள்ளே விட்டது. இன்னொரு தடவை வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று அடித்துப் பார்த்தேன். அப்போதும் விட்டது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுதிப் போடவில்லை. எழுதினால் மறுபடி சர்வர் நிற்கும், மாதக் கடைசியில் என் தலைதான் உருளும் என்ற பயம். பேசாமல் இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்துத் தணிக்கை வந்தது. நிலுவைத் தொகை ஒன்று ஒரே ஆளுக்கு இரண்டு முறை பட்டுவாடா ஆகியிருந்தது. இரண்டாவது பதிவு என் பிரிவில் இருந்த ஒரு நண்பரின் பெயரில். திருவொற்றியூர்க்காரர்; பேனாவை மூடாமல் மேசையில் வைக்கமாட்டார், அப்படிப்பட்ட மனுஷன். ஓய்வுபெற ஒன்றரை வருஷம் பாக்கி. அவருக்கு 17பி குறிப்பாணை வந்தது. அரசு வேலையில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு எண், ஒரு எழுத்தின் கனம் தெரியும். விசாரணை முடியாமல் ஓய்வுபெறும் நாள் வந்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது.

"நான் போடலை சார். எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை தெரியாது, ஆனா நான் போடலைன்னு தெரியும்" என்றார். "உங்க பேர்ல இருக்கே" என்று விசாரணை அதிகாரி கேட்டார். எந்தக் கணினியிலிருந்து அந்தப் பதிவு வந்தது என்று பார்க்கலாம் என்றால், உள்ளே வருகிறவர்களைக் குறித்துக்கொள்ளும் வசதியைச் சர்வரில் யாரும் இயக்கியே வைக்கவில்லை. ரோமானியனின் மரப் பலகை எங்களிடம் இல்லை.

மூன்று வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்த மாதக் கடைசி அன்று நடந்ததையும், எந்தக் கடவுச்சொல்லை அடித்தாலும் உள்ளே விடுகிறது என்பது எனக்கு ஏழு மாதமாகத் தெரியும் என்பதையும், நான்கு பக்கம் கையால் எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் முன்னாலேயே என் நண்பரின் பெயரை அடித்து, கடவுச்சொல் இடத்தில் "அஆஇஈ" வரிசையில் நாலு விசையைத் தட்டி உள்ளே போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் நண்பருக்கு ஒரு யோசனை வந்தது. வருகைப் பதிவேட்டை எடுக்கச் சொன்னார். பதிவு நடந்த தேதியில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் சி.எல். என்று இருந்தது. அவர் கையெழுத்து இல்லை. ஒரு காகிதம் அவரைக் காப்பாற்றியது.

குற்றச்சாட்டைக் கைவிட்டு ஆணை வர மொத்தம் பதினொரு மாதம் ஆயிற்று. எனக்கு ஒரு கண்டனம் கிடைத்தது, அது நியாயம்தான். இரண்டாவது பட்டுவாடாவைப் போட்டது யார் என்பது கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. பணம் பிடித்தம் செய்து வசூலாகிவிட்டது. நண்பர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "எழுதிக் கொடுத்தீங்களே" என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

உலகம் அதற்கப்புறம் நிறையத் திருந்தியிருக்கிறது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. 2008இல் செய்த திருத்தம் 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது 66சி என்ற பிரிவு சேர்ந்தது. அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். போஸ்ட்கிரஸிலும் 2017இல் புதிய முறை ஒன்று வந்தது. அதில் கடவுச்சொல் கம்பி வழியே போவதே இல்லை. தெரியும் என்பதை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நிரூபித்துக்கொள்ளும். 2021 முதல் அதுவே வழக்கமான முறையாகிவிட்டது. ஆனால் டிரஸ்ட் என்ற சொல் இன்னும் அந்தப் பட்டியலில் எழுதலாம், சர்வர் கீழ்ப்படியும். சாவி மறந்துபோனவர்கள் கதவைத் திறக்க அதைத்தான் இன்றும் எழுதுகிறார்கள். அரை மணி நேரத்துக்கு எழுதுவதில் தப்பில்லை. திரும்ப அழிக்கிற ஆள் யார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு எழுதவேண்டும்.

நண்பர் போன வருஷம் காலமானார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. உயிர்வாழ் சான்று கொடுக்க இ-சேவை மையத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். 2014 நவம்பரில் மத்திய அரசு ஜீவன் பிரமாண் என்று கைரேகை வைத்துச் சான்று கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது நமக்கெல்லாம் தெரியும். அந்த அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே மழுங்கிவிட்டது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், மறுபடி கட்டை விரல். இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் உயிரோடதான்பா இருக்கேன்" என்று அந்த அம்மா சிரித்தார். அன்றைக்கு அவர் புருஷன் இல்லாதபோது அவர்தான் என்று ஒரு இயந்திரம் நம்பிற்று. இன்றைக்கு இவர் நேரில் நிற்கும்போது நம்பமாட்டேன் என்கிறது.

மையத்துப் பையன் நல்ல பொறுமைசாலி. 2021இல் வந்த முக அடையாள முறையில் எடுத்துப் பார்க்கலாம் என்று கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். இரண்டாவது தடவையில் வந்துவிட்டது. ரசீதை வாங்கி அந்த அம்மா மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து வாசல் வரை வந்தவன் திரும்பிப் போனேன்.

"தம்பி, இந்த அம்மா கணக்கை மூடிட்டியா?"

"மூடிட்டேன் சார்."

"ஒரு தடவை திறந்து காட்டு."

அவன் முறைத்தான். ஆனாலும் காட்டினான்.